கம்பை முதல்ல கீழே போட்டது யாரு?

(பூம்பாறைப் பொங்கல் பட்டிமன்றம். தலைப்பு: குடும்பத்தோடு பார்க்கும் அனிமேஷன் படங்கள் நம் வீட்டு ஆண்பிள்ளைகளைப் பக்குவப்படுத்துகின்றனவா, பலவீனப்படுத்துகின்றனவா? ‘பக்குவப்படுத்துகின்றன’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களுக்கு வணக்கம். ரெண்டு அணிக்கும் வணக்கம். மப்ளரைச் சுத்திக்கிட்டு, பிள்ளைகளைப் போர்வைக்குள்ள போட்டுக்கிட்டு, இந்தப் பனியில உக்காந்திருக்கிற என் ஊருக்கு வணக்கம். மணி ஒன்பதாகப் போகுது. நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் இப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்தாரு. நீங்க தட்டின தட்டுல பந்தல் ஆடுச்சு. என்ன சொன்னாரு? “இந்தக் கார்ட்டூன் பார்த்து வளர்ற பையன் காட்டுமாட்டைப் பார்த்தா விரட்டவும் மாட்டான், ஓடவும் மாட்டான். ‘உனக்கு என்ன கண்ணு கஷ்டம்’னு கேட்டுக்கிட்டுக் கட்டிப்பிடிக்கப் போவான். குத்து வாங்கிட்டு வருவான். நம்ம மலைக்கு வேண்டியது ஆம்பளைப் புள்ள. அழுகுணிப் புள்ள இல்ல.”

இதானே சொன்னீங்க அண்ணே? தலையை ஆட்டுறாரு.

நடுவர் அவர்களே, நான் பத்துப் படத்தோட பேரை வருஷத்தோட எழுதிக்கிட்டு வந்தேன். இந்தா காகிதம். மடிச்சுப் பையில வச்சுட்டேன். அண்ணன் எப்ப காட்டுமாட்டை இழுத்தாரோ, அப்பவே இந்த வழக்கு சினிமாக் கொட்டகையை விட்டு எங்க தோட்டத்துக்கு வந்துருச்சு. காட்டுமாட்டுக்கும் கார்ட்டூன் பாக்குற பையனுக்கும் நடுவுல என்ன நடக்கும்னு அண்ணன் யோசிச்சுச் சொன்னாரு. நான் பார்த்துச் சொல்றேன்.

இது கதை இல்ல, நடந்தது. உங்கள்ல பாதிப் பேர் அங்க இருந்தீங்க. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் எந்திரிச்சுக் கேளுங்க.

போன கார்த்திகை. விடிஞ்சும் விடியாத நேரம். எங்க தோட்டத்துக்கு மேல தண்ணி தேக்குற குழி ஒண்ணு இருக்கு. உள்ள தார்ப்பாய் விரிச்சிருக்கும். பாசி படிஞ்சா எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். அதுக்குள்ள ஒரு காட்டுமாட்டுக் கன்னுக்குட்டி விழுந்து கிடக்கு. கழுத்து வரைக்கும் தண்ணி. முன்னங்காலைத் தார்ப்பாயில வைக்குது, வழுக்குது. வைக்குது, வழுக்குது. மூக்குல தண்ணி ஏறி அது போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

மேட்டுல தாய். காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழ வெள்ளைக் காலுறை மாட்டின மாதிரி இருக்குமே, அந்த நாலு வெள்ளைக் காலும் நடுங்குது. நாலு எட்டு முன்னாடி வருது, மூக்கை விடைச்சுப் புஸ்ஸுங்குது, திரும்பிக் குழியைப் பார்க்குது, மறுபடி வருது.

சுத்தி நாங்க. முப்பது ஆம்பளைங்க இருப்போம். கையில கம்பு. ஒருத்தர் தகர டின்னைத் தட்டுறாரு. ஒருத்தர் தீபாவளிக்கு மிஞ்சின வெடியைக் கொளுத்திப் போடுறாரு. ஒருத்தர் டார்ச்சை அது கண்ணுக்கு நேராப் பிடிக்கிறாரு. “தாய்க்கு வெறி புடிச்சுருச்சு, முதல்ல அதை விரட்டுங்கடா, அப்புறம் குட்டியைப் பார்க்கலாம்”னு ஒரே கூச்சல். ஆளுக்கொரு கட்டளை. நானும்தான் கத்தினேன்.

அப்ப என் மகன். பத்து வயசு. அஞ்சாங் கிளாஸ். பல்லு விளக்காம, ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, அவங்க தாத்தா கையைப் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். என் சட்டையை இழுக்குறான்.

“அப்பா, அது கோவமா இல்லப்பா. பயந்துருக்கு.”

“சும்மா இருடா.”

“நாம பயந்து கத்துறோம்ல? அதுவும் பயந்துதான் கத்துது.”

“போடா வீட்டுக்கு.”

பையன் போகலை. நின்ன இடத்துல நின்னு ஒண்ணு கேட்டான். “ஹிக்கப் கத்தியைத் தண்ணியில போட்டான்ல, அது மாதிரி நாம கம்பைக் கீழ போட்டா என்னப்பா?”

ஹிக்கப் யாரு? போர்வைக்குள்ள இருக்கிற பிள்ளைகளைக் கேளுங்க, எல்லாருக்கும் தெரியும். பெரியவங்களுக்காக நான் சொல்றேன். 2010-ல வந்த படம். ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’. கடலோரத்துல ஒரு ஊர். அந்த ஊர் ஆட்டை எல்லாம் டிராகன் வந்து தூக்கிட்டுப் போகுது, வீட்டைக் கொளுத்துது. நமக்குக் காட்டுமாடு எப்படியோ, அந்த ஊருக்கு டிராகன் அப்படி. டிராகனைக் கொன்னாத்தான் அங்க ஆம்பளை. ஊர்த் தலைவர் மலை மாதிரி இருக்காரு. அவர் மகன் ஹிக்கப் கம்புக்குச்சி மாதிரி இருக்கான். ஒரு நாள் அவன் விட்ட கண்ணியில ஒரு டிராகன் மாட்டிக் கட்டுப்பட்டுக் கிடக்கு. கத்தியை ஓங்குறான். முடியலை. கயித்தை அறுத்து விட்டுடுறான். ஏன் விட்டேன்னு அவனே பின்னாடி சொல்றான்: நான் எவ்வளவு பயந்து இருந்தேனோ, அதே அளவு பயம் அது கண்ணுலயும் இருந்துச்சு.

என் மகன் எங்கிருந்து பேசினான்னு இப்பத் தெரியுதா?

அந்தப் படத்துல இன்னொரு இடம். டிராகனுக்கு வால் துடுப்பு ஒரு பக்கம் போயிருச்சு, பறக்க முடியலை. ஹிக்கப் மீன் எடுத்துட்டுப் போறான். இடுப்புல கத்தி இருக்கு. அது உறுமுது. கத்தியை எடுத்துக் கீழ போடுறான். அதுவும் பத்தலை, தூரப் போடுங்குது. காலால தட்டித் தண்ணிக்குள்ள தள்ளுறான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, கையை நீட்டுறான். நீட்டிட்டு என்ன செய்யறான் தெரியுமா? முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிறான். கண்ணை மூடிக்கிறான். தொடணும்னா நீ வந்து தொடு, வேண்டாம்னா போ. தேர்ந்தெடுக்கிற உரிமை உனக்குன்னு அந்தக் கை சொல்லுது. அது தயங்குது, அப்புறம் மூக்கைக் கொண்டாந்து அந்த உள்ளங்கையில வைக்குது.

அண்ணே, யார் யாரைக் கட்டிப்பிடிச்சா? யாரும் கட்டிப்பிடிக்கலை. அடுத்த உசுருக்கு எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு அந்தக் காட்சி சொல்லித் தருது.

குழிக்கு வரேன். பையன் கேட்டதும் என்ன ஆச்சு? ஒரு பெரியவர், பேரைச் சொல்லலை, பின்னாடி சொல்றேன், தன் கையில இருந்த கம்பைக் கீழ போட்டாரு. கல்லு மேல ‘டொக்’குனு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துல பக்கத்துல இருந்தவர் டின்னைத் தட்டுறதை நிறுத்தினாரு. அவர் நிறுத்தவும் டார்ச் அணைஞ்சுது. ஒவ்வொருத்தராப் பின்னாடி வந்தோம். கல்லுக்கட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டோம். தாயும் கத்துறதை நிறுத்திட்டுச் சோலைக்காட்டு ஓரமாப் போய் நின்னுக்கிச்சு. குட்டியையே பார்த்துக்கிட்டு. எங்களையும் ஒரு கண்ணால பார்த்துக்கிட்டு.

வனத்துறைக்காரங்க கொடைக்கானல்ல இருந்து ஜீப்புல வந்து இறங்கினாங்க. வந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, “கூட்டம் எங்க?” நாங்க உக்காந்திருக்கிறதைப் பார்த்துட்டு, “இப்படியே இருங்க, பாதி வேலை முடிஞ்சுது”ன்னாங்க. தாய் நிக்கிறதுக்கு எதிர்ப்பக்கமாக் குழியோட கரையைக் கடப்பாரையாலயும் மண்வெட்டியாலயும் சரிச்சாங்க. தார்ப்பாய் மேல ஈரச் சாக்கு விரிச்சாங்க. அவங்களும் ஒதுங்கிட்டாங்க. குட்டி சாக்குல கால் வச்சுது. வழுக்கலை. இன்னொரு கால் வச்சுது. ஏறிடுச்சு.

இப்ப அண்ணன் சொன்னதை மறுபடி எடுத்துக்கிறேன். கார்ட்டூன் பார்த்த பையன் கட்டிப்பிடிக்கப் போவான்னு சொன்னீங்க. போகலைண்ணே. இருவதடி பின்னாடி போனான். கார்ட்டூன் பார்க்காத முப்பது பேரையும் கூட்டிக்கிட்டுப் பின்னாடி போனான். குத்து வாங்கிட்டு வருவான்னு சொன்னீங்க. அன்னைக்குக் குத்து விழாம வீடு வந்து சேர்ந்தது முப்பது பேரு. நல்லா வளர்ந்த காளைன்னா ஆயிரம் கிலோவைத் தொடும். தாய் அவ்வளவு இல்ல. ஆனா குட்டியைப் பறிகொடுக்கப் போற தாய்க்கு எடை என்ன கணக்கு? இன்னும் அரை மணி நேரம் நாங்க டின்னைத் தட்டியிருந்தா, இன்னைக்கு இந்தப் பந்தல்ல ரெண்டு மூணு பேர் குறைஞ்சிருப்போம். நான் மிகைப்படுத்தலை. அங்க இருந்தவங்க சொல்லுங்க. ம், சொல்றாங்க பாருங்க.

அழுகுணின்னீங்க. பையன் அன்னைக்கு அழவே இல்லண்ணே. அங்க அழுதது யாருங்கிறதையும் கடைசியில சொல்றேன்.

ஆம்பளைத்தனம்னா என்னன்னு நம்ம வள்ளுவர்கிட்ட கேட்போம். அவர் அதை இல்லறத்துல வைக்கலை, துறவறத்துல வைக்கலை. படைச்செருக்குன்னு போர்க்களத்துக்குன்னே எழுதின அதிகாரத்துல வச்சாரு. “பேராண்மை என்ப தறுகண் ஒன்றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.” பகைவனை அஞ்சாம எதிர்க்கிறது பேராண்மை. சரி. அந்தப் பகைவனுக்கே ஒரு கேடு வந்துட்டா? இரங்கி உதவுறது அந்த ஆண்மையோட எஃகு, கூர்முனை. நம்ம பாத்தியை மிதிச்சு நாசம் பண்ணுற காட்டுமாடு பகைதான். இல்லேங்கலை. அதோட குட்டி குழியில விழுந்தா? ஒன்றுற்றக்கால்! கம்பு வச்சிருந்த எங்க கையில ஆண்மை இருந்துச்சு. முனை மழுங்கிப்போய் இருந்துச்சு. அதைத் தீட்டினது ஒரு பத்து வயசுப் பையன்.

இது வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மண்ணுக்கு ஒட்டாதுன்னு எதிரணித் தங்கச்சி பேசினாங்க. தங்கச்சி, நீ எந்தக் கோயில் வாசல்ல நின்னு இதைச் சொல்ற? அந்தா தெரியுது கோபுரம். உள்ள இருக்கிறது யாரு? முருகன். சூரனைப் பிளந்தவர், படைக்குத் தளபதி. ஆனா நம்ம ஊர்ல அவருக்கு என்ன பேரு? குழந்தை வேலப்பர். ஏன் குழந்தை? நம்ம பாட்டிமார் சொன்ன தல வரலாறுதான். அருணகிரிநாதர் இந்த ஊர்ல அசந்து தூங்குறாரு. ஒரு ராட்சசி கொல்ல வர்றா. முருகன் வேலை எறிஞ்சிருக்கலாம். எறியலை. குழந்தையா மாறி, தூங்குறவரை அணைச்சுக்கிட்டுப் படுத்துக்கிட்டாரு. ராட்சசி வந்து பார்க்கிறா. தாயும் பிள்ளையும்னு நெனைக்கிறா. கை ஓங்கலை, திரும்பிப் போயிட்டா.

இதைச் சின்ன வயசுல இருந்து கேட்கிறோம். முருகன் செஞ்சதை மட்டும்தான் பார்த்தோம். அந்த ராட்சசியைப் பாருங்க. அவளுக்குள்ளயும் ஒரு தாய் இருக்கான்னு முருகனுக்குத் தெரிஞ்சிருக்கு. எதிரி மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் வேலைத் தூக்க வேண்டியதில்லை. கத்தியைத் தண்ணியில தள்ளின ஹிக்கப்பும் அதைத்தான் செஞ்சான். நம்ம வேலப்பர் அவனுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே செஞ்சுட்டாரு.

சங்க காலத்துல இந்தப் பழனி மலைக்கு யாரு தலைவன்? வையாவிக் கோப்பெரும் பேகன். கடையேழு வள்ளல்ல ஒருத்தன். மயில் குளிர்ல நடுங்குதுன்னு நெனைச்சுப் போர்வையை எடுத்துக் குடுத்தவன். நம்ம குளிர்! நம்ம மயில்! அதோட நிறுத்திடுறோம், பள்ளிக்கூடத்துல அவ்வளவுதான் சொல்லித் தர்றாங்க. மிச்சம் புறநானூத்துல இருக்கு. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியை, சிலப்பதிகாரக் கண்ணகி இல்ல, இவங்க வேற, பிரிஞ்சு வேற ஒருத்தியோட இருந்துட்டான். மனைவி அழுதுக்கிட்டு இருக்கா. கபிலர் போய்க் கேட்டாரு, பரணர் போய்க் கேட்டாரு, இன்னும் ரெண்டு புலவர் போய்க் கேட்டாங்க. பரணர் கேட்டதைக் கேளுங்க. எனக்குப் பசி இல்ல, என்னை நம்பி வீட்ல ஆளும் இல்ல. நான் கேட்கிற பரிசு ஒண்ணுதான், இன்னைக்கு ராத்திரியே தேர் ஏறிப் போய் அவ துயரத்தைத் தீர்த்து வை. மயிலுக்கு இரங்கினவன்தானே, வீட்ல இருக்கிறவளுக்கும் இரங்குன்னு ஒரு ராஜா முகத்துக்கு நேராச் சொல்றாங்க. எவ்வளவு பெரிய வீரனா இருந்தாலும் அவன் இன்னும் வளர வேண்டிய இடம் ஒண்ணு இருக்குன்னு அந்தப் புலவர்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு அந்த வேலையைத்தான் நல்ல அனிமேஷன் படங்கள் செய்யுது.

நல்ல படங்கள்னு சொல்றேன். எல்லாப் படமும் இல்ல. அப்பன்னா அசடு, தொந்தியைத் தூக்கிக்கிட்டுத் தடுக்கி விழுறவன், அம்மாதான் எல்லாத்தையும் சரி பண்ணணும்னு சிரிக்க வைக்கிற படங்கள் நிறைய வருது. எனக்கு அது பிடிக்காது. என் பையன் அதைப் பார்த்துச் சிரிச்சா எனக்கு வலிக்கும். அதை எதிரணி எடுத்துப் பேசியிருந்தா நான் பதில் சொல்லத் திணறியிருப்பேன். அவங்க அதை எடுக்கலை. காட்டுமாட்டை எடுத்தாங்க.

இன்னொண்ணு சொன்னாங்க, இந்த அழுகை எல்லாம் இப்ப நாலஞ்சு வருஷமா வந்த பழக்கம்னு. 1991-ல ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’. நெஞ்சை நிமித்திக்கிட்டு, புஜத்தைக் காட்டிக்கிட்டு, ஊரே பாட்டுப் பாடிக் கொண்டாடுற வேட்டைக்காரன் ஒருத்தன் வர்றான், அவன்தான் வில்லன். கொம்பு முளைச்ச மிருகம், தன் சாபம் தீராமலே போயிடும்னு தெரிஞ்சும், ‘உங்க அப்பாவைப் போய்ப் பாரு’ன்னு அந்தப் பொண்ணை அனுப்பி வைக்குது. என்னைக் கேட்டா அந்த இடத்துலயே அது மனுஷனாயிடுச்சு, உருவம் மாறினது அப்புறம்தான். 1994-ல ‘லயன் கிங்’. சிங்க ராஜா, மகன் சாவு வரைக்கும் போய்த் திரும்பின ராத்திரி, அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறாரு. கண்டிச்சுட்டு, இன்னைக்கு நான் பயந்துட்டேன், உன்னை இழந்துடுவேனோன்னு பயந்துட்டேன்னு சொல்றாரு. ராஜாவுக்கும் பயம் வருமான்னு குட்டி ஆச்சரியமாப் பார்க்குது. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம வீட்ல எத்தனை அப்பன் மகன்கிட்ட ‘நான் பயந்துட்டேன்’னு சொல்லியிருக்கான்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. ரெண்டு நிமிஷம் குடுங்க. அந்தக் குழிக்கரையில ஒரு ஆளை நிறுத்தி வச்சிருக்கேன், அவரைக் கூட்டிட்டு வந்து இறக்கி விட்டுடுறேன்.

கம்பை முதல்ல கீழ போட்டது யாரு? எங்கப்பா. எழுவத்தி நாலு வயசு. இந்த ஊர்ல காட்டுமாடு விரட்டுறதுன்னா முதல் ஆளா நின்னவரு. பன்னியை, மாட்டை, கள்ளனைன்னு எல்லாத்தையும் அந்தக் கம்பாலதான் விரட்டினாரு. அந்தக் கம்புல அவர் கை வைக்கிற இடம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சு கறுத்துக் கிடக்கும். நான் சின்னப் பையனா இருந்தப்ப அந்தக் கம்பைத் தொட்டதுக்கே அடி வாங்கியிருக்கேன். அந்தக் கம்பைத்தான் பேரன் சொன்னான்னு கீழ போட்டாரு.

‘டிராகன்’ படத்துலயும் அந்த மலை மாதிரி அப்பா ஒருத்தர் உண்டுன்னு சொன்னேன்ல. மகனைப் பார்த்து, நீ என் மகனே இல்லன்னு சொன்ன மனுஷன். கடைசியில அவரே தண்ணிக்குள்ள முங்கிப் போய், மகனோட டிராகன் கட்டை உடைச்சு விடுறாரு. வாழ்நாள் பூரா டிராகன் வேட்டையாடின கை. கரைக்கு வந்து மகன்கிட்ட மன்னிப்புக் கேட்கிறாரு, எல்லாத்துக்கும்னு. அந்தப் படத்துல வளர்றது பையன் மட்டும் இல்லங்க.

எங்கப்பா யாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்லை. அழுதும் நான் பார்த்ததில்லை. ஆனா அவர் கண்ணு அடிக்கடி செவந்திருக்கும். ஏன்னா புகை. நம்ம மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அந்தப் பூண்டு. விதைப் பூண்டைக் கட்டுக் கட்டாக் கட்டிப் பரண்ல தொங்கவிட்டுக் கீழ அடுப்பை மூட்டிப் புகை போடுவோம். “புகை பார்த்துட்டு வர்றேன்”னு எங்கப்பா உள்ள போவாரு. வெளிய வரும்போது கண்ணு மிளகாய்ப் பழமா இருக்கும். எங்க அக்காவைக் கட்டிக் குடுத்து அனுப்பின அன்னைக்குப் புகை பார்க்கப் போனாரு. எங்க சினைப் பசு செத்த அன்னைக்குப் போனாரு. நான் மதுரைக்குப் படிக்கக் கிளம்பின அன்னைக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் கத்துறேன், அவர் புகை பார்த்துட்டுத்தான் வந்தாரு. கண்ணைத் துண்டால தொடைச்சுக்கிட்டு, “பச்சை விறகு, ஒரே புகை”ன்னு சொல்லிட்டு என் பெட்டியைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. நானும் நம்பிட்டேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி, மூணு பேரும் உக்காந்து ‘ஃபைண்டிங் நீமோ’ பார்க்கிறோம். 2003-ல வந்தது. பொண்டாட்டியைப் பறிகொடுத்து, ஒத்தை மகனை வச்சுக்கிட்டுப் பயந்து பயந்து வாழ்ற அப்பா மீன். மகனுக்கு ஒரு துடுப்பு சின்னது. அவனைத் தேடிக் கடல் பூரா அலைஞ்சு கண்டுபிடிச்சுடுது. அப்புறம் வலையில ஒரு கூட்டம் மாட்டுது. மகன் சொல்றான், நான் உள்ள போய் அவங்களுக்கு வழி சொல்லணும், என்னை விடுங்கன்னு. அப்பா புடிச்சிருக்கு. இப்பத்தான் கிடைச்ச மகன். புடிச்சிருக்கு. அப்புறம் விடுது.

எங்கப்பா எந்திரிச்சாரு. “புகை பார்த்துட்டு வர்றேன்.”

என் மகன் கேட்டான், “தாத்தா, பரண்ல பூண்டே இல்லையே. எல்லாத்தையும் விதைச்சாச்சே.”

அவர் காதுல வாங்காம உள்ள போயிட்டாரு. நான் அப்படியே உக்காந்திருந்தேன். எனக்கு மதுரைக்குக் கிளம்பின காலை ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கம்மா சொன்னாங்கன்னு அந்தப் பரண் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, சாணி கரைச்சு மெழுகினது நான். என் கையால மெழுகினேன். ராத்திரி பூரா அது ஈரமா இருந்துச்சு. அந்த அடுப்புல அன்னைக்கு யாரும் தீ வைக்கலை. பச்சை விறகும் இல்லை. புகையும் இல்லை. இருவது வருஷத்துக்கு மேல எனக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசியா ஒரே ஒரு தடவை குழிக்கரைக்கு வாங்க. குட்டி ஏறிடுச்சு. குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுத் தாய்கிட்ட ஓடுது. தாய் மோந்து பார்க்குது. காதை நக்குது, முதுகை நக்குது, தண்ணி சொட்டுறதை எல்லாம் நக்கி எடுக்குது. கல்லுக்கட்டுல முப்பது ஆம்பளை, ஒருத்தர் பேசலை. வரக்காப்பி கொண்டாந்த அக்கா டம்ளரைக் கூட நீட்டலை.

எங்கப்பா கண்ணு செவந்திருக்கு. அது வெட்டவெளி. பரண் இல்ல, அடுப்பு இல்ல, விறகு இல்ல. என் மகன் அவர் முகத்தை நிமிந்து பார்த்துக் கேட்கிறான், “தாத்தா, அழுகுறீங்களா?”

நான் மனசுக்குள்ள சொல்றேன், இப்பப் ‘பனி’ன்னு சொல்லுவாரு, ‘தூசி’ன்னு சொல்லுவாருன்னு.

அவர் சொன்னாரு, “ஆமாடா.”

அந்தா, மூணாவது வரிசையில, பேரனைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நடுவர் அவர்களே, நீங்க தீர்ப்பை எப்படி வேணும்னாலும் சொல்லுங்க. நான் மேடையில இருக்கப் போறதில்லை. கீழ இறங்கிப் போய் எங்கப்பா பக்கத்துல உக்காந்துக்கிறேன். வணக்கம்.